மணல்மேட்டுக் கடற்கரை: மணப்பாடா, தனுஷ்கோடியா, கோடியக்கரையா?

கூட்டம் இல்லாத கடற்கரை வேண்டும். நல்ல மணல் வேண்டும். பின்னால் ரோடும் லாட்ஜும் தெரியாதபடி மணல்மேடு மறைத்து நிற்க வேண்டும். இரண்டு நாளில் போய்வந்துவிடவும் வேண்டும். இப்படி யாராவது கேட்டால் நான் மூன்று ஊர்களைச் சொல்வேன்: தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு, ராமேசுவரம் தாண்டித் தனுஷ்கோடி, வேதாரண்யத்துக்குத் தெற்கே கோடியக்கரை. மூன்றிலும் கடல் உண்டு, மணல்மேடு உண்டு. ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று மாற்றிக்கொள்ள முடியாது. போகிற மாதமும் கூட வருகிற ஆட்களும் மாறினால் பதிலும் மாறிவிடும்.

பெரும்பாலும் போட்டோவைப் பார்த்துத்தான் ஊரை முடிவு செய்கிறார்கள். நான் முதலில் காற்றைப் பார்க்கச் சொல்வேன். மணல்மேட்டைக் கட்டியதே காற்றுதான். அந்தக் காற்று முழுவீச்சில் இருக்கும் மாதத்தில் அதே மேட்டில் பத்து நிமிடம் உட்கார முடியாது. கண்ணில், காதில், சோற்றுப் பொட்டலத்தில் எல்லாம் மணல். அதே இடத்துக்குக் காற்று அடங்கிய மாதத்தில் போனால், மாலை முழுக்க எழுந்து வர மனசு வராது. எந்த ஊர் என்பதற்கு முன்னால் எந்த மாதம் என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்த மேடு எப்படி வந்தது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் கரையில் நடக்கும்போது கண் வேறு மாதிரிப் பார்க்கும். அலை கொண்டுவந்து போட்ட மணல் வெயிலில் காய்கிறது. காய்ந்த மணலைக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டு உள்ளே தள்ளுகிறது. வழியில் ஒரு செடி நின்றால் போதும், காற்றின் வேகம் அங்கே குறைந்து மணல் அதன் காலடியில் விழுந்துவிடும். நம் கரைகளில் இந்த வேலையை முக்கியமாகச் செய்பவை இரண்டு. ஒன்று அடம்பு. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்துக்கு அடையாளமாக வரும் அடும்புதான் இது. இரண்டாக வகிர்ந்த இலை, ஊதா நிறப் பூ. கொடியை மணல் மூடினால் அது சாவதில்லை. மூடிய கணுவிலிருந்து வேர் விட்டு, மணலுக்கு மேலே மறுபடி தலை நீட்டும். அதை மீண்டும் மணல் மூடும், அது மீண்டும் ஏறும். மேடு வளர்வது இப்படித்தான். இன்னொன்று ராவணன் மீசை என்கிற முள்ளுப் புல். காய்ந்தபின் அதன் கதிர் முழுசாகக் கழன்று, முள் உருண்டையாகக் காற்றில் கரை நெடுக உருண்டோடும். குழந்தைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். கையால் பிடித்தால் குத்தும், சொல்லிவையுங்கள்.

மேட்டுக்குள் இன்னொரு சங்கதி இருக்கிறது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீரோடு சட்டென்று கலந்துவிடாமல் அதன் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. கடலோர ஊர்கள் பலவும் குடித்து வாழ்ந்தது இந்தத் தண்ணீரைத்தான். மூன்று ஊர்ப் பக்கமும் இதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

சரி, மணப்பாட்டுக்கு வருவோம். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே கடற்கரைச் சாலையில் குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. தூரம் 20 கி.மீ.க்குள்தான். ஊரை நெருங்கும்போதே கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணற்குன்றும் அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயிலும் தெரியும். பல நூறு ஆண்டுகளாகக் காற்று குவித்த மணல் அடியில் இறுகிக் கல்லாகிவிட்டது. கடல் பக்கம் இறங்கிப் பார்த்தால் அந்தக் கல்லில் மணல் படிந்த வரிகள் சாய்ந்து சாய்ந்து ஓடுவது தெரியும். எந்தக் காலத்துக் காற்று எந்தத் திசையில் வீசியது என்று அந்த வரிகளிலிருந்தே ஊகிக்கலாம். விரலால் தடவினால் இன்றும் மணல் உதிர்கிறது. கோயிலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். நீங்கள் அரை மணி நேரமாவது அங்கே நில்லுங்கள்.

புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்று கரை சேர்ந்ததற்கு நன்றியாக, அதன் உடைந்த பாய்மரத் துண்டில் சிலுவை செய்து குன்றின் மேல் நட்டதாக ஊரார் சொல்வார்கள். சவேரியார் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தார். அவர் தங்கிய குகை குன்றின் கடலோரச் சரிவில் இருக்கிறது. மேலேயுள்ள கோயில் 1581-ல் கட்டப்பட்டது. ஊருக்குள் பழைய பரதவ வணிகக் குடும்பங்களின் பெரிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. தெருவில் நடந்தாலே கொழும்போடு வியாபாரம் நடந்த காலம் கொஞ்சம் புரியும். பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். வாங்குவதென்றால் நேராக அவர்களிடமே வாங்குங்கள்.

குளிக்க, உட்கார, நடக்க என்று பார்த்தால் குன்றுக்கு இரண்டு பக்கம். முனையின் மறைவில் இருக்கும் வளைவில் அலை அடங்கியிருக்கும், படகுகள் நிற்கும், வலை காயும். திறந்த பக்கம் அலை பெரிது. அலைச்சறுக்குக்காரர்கள் பலகையோடு வருவது அந்த அலைக்காகத்தான். கருமேனியாறு கடலைத் தேடி வரும் இடமும் இங்கேதான் என்பதால், கரைக்குப் பின்னால் ஆழமில்லாத நீர்ப்பரப்பு ஒன்று தேங்கி நிற்கிறது. குன்றை விட்டு விலகிக் கரையோரம் கொஞ்ச தூரம் நடந்தால் போதும், ஆள் நடமாட்டம் விட்டுப்போய் மணல்மேடும் அடம்பும் நண்டு வளையும்தான் மிச்சம். மணலில் இடையிடையே கறுப்பும் கருஞ்சிவப்புமாகக் கோடுகள் ஓடும். அழுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அது இல்மனைட், கார்னெட் போன்ற கனத்த தாது மணல். அலை இலேசான மணலைக் கொண்டுபோக, கனமானது தங்கி வரியாகிறது. இந்தத் தாதுவுக்காகத் தென்கோடிக் கரைகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தமிழக அரசு 2013-ல் தாது மணல் அள்ளுவதை நிறுத்திவைத்தது. அந்தக் கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம், அவை கரையிலேயே கிடக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மணப்பாட்டுக்குப் போக ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மழை விட்டிருக்கும், காற்று மிதமாக இருக்கும். மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து தென்மாவட்டம் முழுவதையும் விசிறியடிக்கும். காற்றாலைகள் அந்தப் பக்கம் வரிசையாக நிற்பதற்கும் அதுதான் காரணம். அந்த மாதங்களில் மணப்பாட்டு மணலில் உட்கார நினைக்காதீர்கள். செப்டம்பர் 14-ல் முடியும் திருச்சிலுவைத் திருவிழாவின்போது ஊர் நிரம்பி வழியும். குலசையில், அதாவது குலசேகரன்பட்டினத்தில், தசரா நடக்கும் நாட்களில் சாலையே நகராது. திருச்செந்தூரில் கந்த சஷ்டி என்றால் அறை கிடைக்காது. விழா பார்க்கப் போகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். அமைதி தேடிப் போகிறவர்கள் காலண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணப்பாட்டுக்கு நான் முதலிடம் கொடுப்பதற்கு இன்னொரு காரணம், சுற்றியுள்ள தேரி. கடலோரத்தில் வெளுத்த மணல் என்றால், உள்ளே சில கிலோமீட்டர் போனால் செக்கச்செவேல் என்று இன்னொரு மணல்காடு. குதிரைமொழித் தேரி, தேரிக்குடியிருப்பு என்று நீண்டு கிடக்கிறது. கச்சான் காற்று உள்நாட்டுச் செம்மண்ணைப் பல ஆயிரம் ஆண்டுகளாக அரித்துக் கொண்டுவந்து குவித்த மேடுகள் இவை. மணல் துகளைச் சுற்றி இரும்புத்துரு பூசியதுபோல் படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. கற்குவேல் அய்யனார் கோயில் இந்தத் தேரிக்குள்தான் இருக்கிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் போனால், சிவந்த மணலுக்கு நடுவே சுனையில் தண்ணீர் நிற்கும். திருச்செந்தூர்க் கோயிலருகே கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாழிக் கிணறும் இதே வகை அதிசயம்தான். சாமி கும்பிட்டுவிட்டுத் தீர்த்தமாடி வருபவர்கள், அந்தத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கவில்லை என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். மேலே சொன்ன மணல் கணக்குதான் பதில். பதநீர்க் காலமென்றால் உடன்குடிப் பக்கம் ஒரு செம்பு பதநீரும், வீட்டுக்குக் கொஞ்சம் கருப்பட்டியும் கட்டாயம்.

தங்குவதற்குத் திருச்செந்தூரே வசதி. சென்னையிலிருந்து செந்தூர் எக்ஸ்பிரஸில் சாயங்காலம் ஏறினால் மறுநாள் திருச்செந்தூர். அங்கிருந்து பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. பாட்டி தாத்தாவோடு போகிறீர்கள் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், மணப்பாடுதான். வண்டி குன்றருகே போய்விடும், கோயில் நிழல் இருக்கிறது, அவசரம் என்றால் திருச்செந்தூர் பக்கம்தான். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. இந்தக் கரை இன்று இருப்பதுபோலவே என்றும் இருக்கும் என்று நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

தனுஷ்கோடி பற்றி எல்லோருக்கும் தெரியும். அதுதான் அதன் பிரச்சினையும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் போனது. பவளப்பாறைக் கற்களால் கட்டிய தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்றும் நிற்கின்றன. ஒரு காலத்தில் முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, மணலில் ஓடும் வேனில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். 2017-ல் அரிச்சல்முனை வரை ஏறத்தாழ 9.5 கி.மீ. தார்ச்சாலை திறந்தார்கள். அதற்குப் பிறகு கார் நேரே முனைக்கே போகிறது. சனி ஞாயிறு முனையில் நிற்க இடம் தேட வேண்டியிருக்கும். அதை அமைதியான கடற்கரை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒல்லியாக மணல் என்ற காட்சி தமிழ்நாட்டில் வேறெங்கும் இப்படிக் கிடைக்காது. வடக்கே பாக் நீரிணை, பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். கச்சான் காலத்தில் ஆண்கடல் பொங்கும், பெண்கடல் குளம்போலக் கிடக்கும். வாடைக்காற்று வந்துவிட்டால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இதைப் பார்ப்பதற்கே போகலாம். இங்கே குடியிருக்கும் மீனவப் பெண்கள் மணலைக் கையால் தோண்டி, ஊறிவரும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். இரண்டு கடலுக்கு நடுவே, நாலடி ஆழத்தில், குடிக்கும் தண்ணீர். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. அந்த ஊற்று அவர்கள் குடிக்கும் தண்ணீர் என்பதால் பக்கத்தில் போய்க் காலை நனைப்பது, கை கழுவுவது எல்லாம் கூடாது.

தனுஷ்கோடிக்குப் போவதென்றால் வாரநாளில், விடியற்காலை, வழி திறந்த உடனே போய்விடுங்கள். மாலையில் போலீஸார் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், உள்ளே இருப்பவர்களையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். முனையில் குளிப்பது ஆபத்து. இரண்டு கடலின் நீரோட்டமும் மோதும் இடம், காலடி மணலே நழுவும். கடலைப் பார்க்கப் போகிறோம், குளிக்க இல்லை என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். முனையைவிட, வழியில் பழைய தேவாலயத்துக்கு அந்தப் பக்கம் மணலில் இறங்கி நடப்பது எனக்குப் பிடிக்கும். குளிர்காலத்தில் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் நிற்கும். 2025-ல் இந்தப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. ராமேசுவரத்துக்கு எப்படியும் சாமி கும்பிடப் போகிறவர்கள் ஒரு காலையை இதற்கு ஒதுக்கினால் போதும். மணல்மேட்டுக்காகவே ஒரு பயணம் என்றால் என் முதல் பரிந்துரை இது இல்லை.

கோடியக்கரை வேறு மாதிரி. இங்கே மணல்மேடு கண்ணுக்கு மேடாகவே தெரியாது. சில மீட்டர் உயரம்தான், அதன் மேலே காடு. கடல் விட்டுச்சென்ற பழைய மணல் வரப்புகளின் மீது பாலையும் நாவலும்... என்று மரப்பெயர்களை அடுக்குவதைவிட இப்படிச் சொல்லலாம்: இலையுதிராத, முள்ளும் நிழலும் கலந்த, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வளர்ந்த கடலோரக் காடு. இப்படிப்பட்ட காடு தமிழ்நாட்டுக் கரையில் வேறு எங்கும் இவ்வளவு பரப்பில் மிஞ்சவில்லை. காட்டுக்கு நடுவே திறந்த புல்வெளி. அதில் வெளிமான்கள் கூட்டமாக மேயும். கறுத்த முதுகும் முறுக்கிய கொம்புமாக ஆண்மான் நிமிர்ந்து பார்ப்பதும், சட்டென்று எல்லாம் துள்ளிப் பறப்பதும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கட்டறுத்துத் திரியும் மட்டக்குதிரைகளும் உண்டு. சரணாலயம் 1967-ல் அமைந்தது. 2002-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

பகுதியிலேயே உயரமான மணல்மேட்டில் ராமர் பாதம் இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றால் காடு, புல்வெளி, தொலைவில் சதுப்பு, அதற்கு அப்பால் கடல் என்று நான்கும் ஒரே பார்வையில் விழும். உயரம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் சுற்றியுள்ள தட்டை நிலத்தில் அதுவே மலை. குழகர் கோயிலுக்கும் போய் வாருங்கள். சுந்தரர் இங்கே வந்தபோது, கடற்காற்று அடிக்கும் இந்தக் கரையில் பக்கத்தில் குடியே இல்லாமல் யாரைத் துணையாகக் கொண்டு இருக்கிறீர் என்று சாமியிடமே கேட்டுப் பாடினார். அப்போதே அவ்வளவு தனிமை. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சம் ஒன்று கரையில் நின்றது. 2004 சுனாமி அதைத் தள்ளிவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது காடும் தோப்பும் சின்னாபின்னமாகின. வேதாரண்யத்து மாந்தோப்பும் முல்லைத் தோட்டமும் மணலில் ஊறும் நல்ல தண்ணீரை நம்பி வளர்ந்தவை. அந்த விவசாயிகள் இழந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கோடியக்கரையில் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். வெள்ளை மணலில் படுத்துக்கொண்டு, அலையில் குளிக்கும் கடற்கரை என்று நினைத்துப் போகாதீர்கள். கடல் இங்கே ஆழமில்லாதது, கலங்கலானது, சில இடங்களில் காலடியில் சேறு. அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்கள் என்பதால், படகுத்துறைப் பக்கம் எப்போதும் வேலை நடந்துகொண்டிருக்கும். துறையை விட்டு விலகி நடந்தால்தான் தனிமை. ஆனால் அப்படிக் கிடைக்கும் தனிமை மூன்று ஊரிலும் இங்கேதான் முழுசாகக் கிடைக்கிறது. காது கொடுத்தால் பறவைச் சத்தம், காற்று, அவ்வளவுதான்.

போகும் காலம் ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல் சின்னங்களும் இந்த மூலையைக் குறிவைத்தே வரும். பறவைகளும் அப்போதுதான் வந்து சேர்கின்றன. பொங்கல் முடிந்து போனால் மழையும் விட்டிருக்கும், பூநாரைகளும் இருக்கும். வனத்துறையின் தங்கும் விடுதி, பூநாரை இல்லம், காட்டருகிலேயே இருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் தங்கலாம். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. உப்பளங்களுக்கு நடுவே போகும் அந்தச் சின்னப் பயணமே அழகு. 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தொண்டர்களோடு உப்பு அள்ளிய இடம் அகஸ்தியம்பள்ளிதான். நினைவுத்தூண் இருக்கிறது. சாப்பாடும் தண்ணீரும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள்.

இப்போது முடிவு. சின்னக் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்த குடும்பம், மணலில் விளையாட வேண்டும், காலையாவது நனைக்க வேண்டும் என்றால் மணப்பாடு, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். பறவை பார்ப்பவர், தனியாக நடக்கப் பிடித்தவர், கடலில் குளிக்காவிட்டாலும் பரவாயில்லை என்பவர் என்றால் யோசிக்காமல் கோடியக்கரை. ராமேசுவரம் போகிறவர், வரலாறு பிடித்தவர், விடியற்காலை எழுந்துவிடுபவர் என்றால் தனுஷ்கோடி. பள்ளிக்கூட லீவு மே மாதத்தில்தான் கிடைக்கும் என்றால், மே முதல் வாரத்துக்குள் மணப்பாடு போங்கள். காலை ஒன்பதுக்குள்ளும் மாலை நாலரைக்குப் பிறகும் மட்டும் கரையில் இருங்கள். நடுப்பகலில் மணல் சுடும் சூட்டில் குழந்தைகளின் பாதம் கொப்பளித்துவிடும். ஜூன், ஜூலையில் இந்த மூன்றையுமே நான் சொல்லமாட்டேன். மணல் பறக்கும் வேகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையிருந்தால் மட்டும் தேரிக்குப் போங்கள், தலையில் துண்டு கட்டிக்கொண்டு.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களும் அங்கே போகிறவர்களும் பருத்தித்துறைக்குத் தெற்கே மணற்காட்டைப் பார்க்காமல் விடாதீர்கள். மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள், சவுக்குத் தோப்பு, வெறிச்சோடிய கரை என்று மேலே சொன்ன மூன்றின் குணமும் அங்கே கொஞ்சம் கொஞ்சம் உண்டு. அருகே வல்லிபுர ஆழ்வார் கோயிலும் மணல் நடுவேதான். புரட்டாசியில் கடல் தீர்த்தத் திருவிழா அன்று மட்டும் அமைதியை எதிர்பார்க்க முடியாது. சட்டத்துக்குப் புறம்பாக மணல் அள்ளுவது அந்தப் பக்கமும் பெரிய துயரம்.

எந்த ஊர் என்றாலும் தண்ணீரில் இறங்குவதற்கு முன் கரையில் வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். மணப்பாட்டில், "அண்ணாச்சி, இன்னைக்கு இறங்கலாமா?" என்று கேட்டால், நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த இடத்தில் பாறை, எங்கே குளிக்கலாம் என்று நின்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை வருகிறதா என்று செய்தி பாருங்கள். வானம் தெளிந்து, காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தொலைதூரக் கடலில் கிளம்பிய அலை வந்து கரையை வாரிக்கொண்டு போகும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படியொரு எச்சரிக்கை நாளில்தான். கரையில் காயும் வலையை மிதிக்கக் கூடாது, படகில் ஏறி போட்டோ எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். நமக்குச் சுற்றுலா, அவர்களுக்கு அது வேலை செய்யும் இடம்.

மேட்டில் ஏறும்போது ஏற்கெனவே ஆட்கள் நடந்த தடத்திலேயே ஏறுங்கள். அடம்புக்கொடி மேல் பத்துப் பேர் நடந்தால் கொடி அறுந்து வெறும் மணல் தெரியும். காற்று அந்த வெறுமைக்குள் புகுந்து குடைய ஆரம்பிக்கும். ஒரு சில வருடத்தில் மேட்டின் நடுவே வாசல் திறந்ததுபோல் ஆகிவிடும், அடுத்த புயலில் கடல் அந்த வாசல் வழியாகத்தான் ஊருக்குள் வரும். ஜீப்பை மேட்டில் ஏற்றி வீடியோ எடுப்பதைப் பெருமையாக நினைக்கிறவர்களைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் மணல்மேடுகளை மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கின்றன. 2004 சுனாமியில் மேடும் காடும் மறைத்து நின்ற இடங்கள் எப்படித் தப்பின என்று வேதாரண்யம் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறும். அந்த மாதங்களில் இருட்டில் கரையில் டார்ச் அடிக்கவோ தீ மூட்டவோ வேண்டாம்.

எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, மணல் சுட்டால் போட்டுக்கொள்ளச் செருப்பு, குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை. மூன்று கரையிலும் நிழல் என்று பெரிதாக ஒன்றும் கிடைக்காது, ஒரு பெரிய குடை கூட இருந்தால் வயதானவர்கள் வாழ்த்துவார்கள். பொங்கல் விடுமுறைக்கு அடுத்த வாரத்தை நினைத்துக்கொண்டு முன்கூட்டியே திருச்செந்தூர் ரயிலுக்கோ பூநாரை இல்லத்துக்கோ பதிவு செய்துவிடுங்கள். ஜனவரி பிறந்தபின் இரண்டிலும் இடம் கிடைப்பது கஷ்டம்.